இருமாத வேன்

ஜெசீகாவின் வீட்டில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அது ஓடாது. புது பேட்டரி போட்டாலும் ஓடாது. வாங்கிய ஆண்டிலிருந்தே இரண்டே காலில் நின்றுகொண்டிருந்தது. ஜெசீகாவுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அப்பாவின் வேன் இருமுவதை வைத்தே அவள் நேரம் பார்த்துவிடுவாள்.

ஜெசீகாவுக்குப் பத்து வயது. அவளுடைய அப்பா ஜோன்சன், பதுளை நகரத்தில் உள்ள ஒரு பேக்கரியின் பாண் வேனை ஓட்டினார். நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் தோட்டங்களுக்கெல்லாம் பாணும் பணிஸும் கொண்டுபோய் விற்பார். மாலையில் அவர்கள் குடியிருக்கும், பன்னிரண்டு வீடுகள் ஒட்டி நிற்கும் மேமலை லயத்துக்கும் வருவார்.

அந்தப் பழைய வேனுக்கு லயத்து மக்கள் வைத்த பெயர் 'இருமல்காரி'. மலைப் பாதையில் ஏழு வளைவுகள். மூன்றாவது வளைவில் அது 'கர்ர்... டொக்... டொக்' என்று இருமும். ஐந்தாவது வளைவில் அதன் பின்கதவு 'டமார்' என்று அடிக்கும். ஏழாவது வளைவில் இரண்டையும் சேர்த்துச் செய்யும்.

முதல் இருமல் கேட்டதும் ஜெசீகா அடுப்பில் தண்ணீர் வைப்பாள். 'டமார்' கேட்டதும் அப்பாவின் கோப்பையைக் கழுவுவாள். வேன் லயத்து வாசலில் நிற்கும்போது சூடான தேத்தண்ணி தயாராக இருக்கும். அதற்குள் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வேனைச் சுற்றி நிற்பார்கள். அப்பா ஒரு கையால் பாண் கொடுத்து, மறு கையால் தேத்தண்ணி குடிப்பார். அரை மணி நேரம். பிறகு தோட்டத்தின் மற்றப் பிரிவுகளுக்குப் போய்விட்டு, வேனைப் பதுளையில் விட்டுவிட்டு, இரவு எட்டு மணிக்குத்தான் பஸ்ஸில் வீடு திரும்புவார்.

ஜெசீகாவின் அம்மா நிரஞ்சலா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் போன் பேச அவருக்கு நேரம் கிடைக்கும். மேமலையில் சிக்னல் எளிதில் கிடைக்காது. வாசற்படியின் இடது ஓரத்தில் உட்கார்ந்தால் மட்டும் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து பேசும்போது சில நாள் வேனின் இருமல் குவைத்துக்கும் கேட்டுவிடும்.

"இருமல் கேக்குதே! அப்பா வந்துட்டாரா? போ போ, தண்ணி வை" என்பார் அம்மா.

இரண்டரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அந்த இருமல் கேட்கும்வரை ஜெசீகா தனியாகத்தான் இருப்பாள். அவள் வகுப்பில் படித்த இரண்டு பிள்ளைகளின் குடும்பங்கள் கொழும்புக்குப் போய்விட்டன. லயத்தில் மிச்சமிருந்த பிள்ளைகள் எல்லாம் மூக்கொழுகும் சின்னதுகள். பக்கத்து வீட்டுப் பாக்கியலெட்சுமி மாமி தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வர நாலரை ஆகும். அதுவரை வீட்டில் பேச ஆள் கிடையாது. சில நாள் ஜெசீகா அந்த ஓடாத கடிகாரத்தோடு பேசுவாள். அது பதில் சொல்லாது, ஆனால் குறுக்கேயும் பேசாது.

ஒரு திங்கட்கிழமை, ஜெசீகா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஜெசீ! தேத்தண்ணி ரெடியா?"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வாசலில் அப்பா! இருமல் இல்லை, டமார் இல்லை, அப்பா மட்டும் நின்றார்.

"அப்பா! நடந்தா வந்தீங்க?"

"வெளிய வந்து பாரு, புள்ள!"

வெளியே பளபளவென்று ஒரு நீல நிற வேன் நின்றுகொண்டிருந்தது. அது நிற்பதே தெரியாத அளவுக்கு அமைதியாக நின்றது.

"புது வேன்! முதலாளி குடுத்துட்டாரு!" என்றார் அப்பா. இத்தனை பெரிய சிரிப்பை ஜெசீகா அவரிடம் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஆனால் வேனைச் சுற்றி ஒருவரும் இல்லை. லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பின்பக்கத்தில் 'தடால், சலசல' என்று ஒரே சத்தம்.

ஜெசீகா ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். கடைசி வீட்டுச் சின்னராசா தாத்தா தண்ணீர் தேங்கிய டின்களையும் சிரட்டைகளையும் அவசர அவசரமாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தாத்தா செய்யுறீங்க?"

"சத்தம் போடாத! டெங்கு நுளம்பு பாக்குற ஐயா வந்துருக்காரு. புது வேன்ல வந்துருக்காரு, பாக்கலியா?"

"அது எங்க அப்பா, தாத்தா!"

சின்னராசா தாத்தா கையில் இருந்த டின்னைப் பார்த்தார். "சரி, போகட்டும். எப்படியும் கவுக்க வேண்டியதுதான்" என்று அதையும் கவிழ்த்தார்.

அவர் விஷயத்தைச் சொல்லி, கதவுகள் மறுபடி திறந்து, ஆட்கள் வருவதற்குள் அப்பா வண்டியைக் கிளப்பிவிட்டார். "பத்து நிமிசம்தான் நிக்கணும்னு உத்தரவு" என்று கையை ஆட்டினார். ஜெசீகாவின் அடுப்பில் தண்ணீர் அப்போதுதான் சூடாகத் தொடங்கியிருந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பாவுக்கு வேனைத் தவிர வேறு பேச்சே இல்லை.

"எங்க அப்பா காலத்துல பாண்காரரு சைக்கிள்ல மரப்பெட்டி கட்டிக்கிட்டு வருவாரு. ஏத்தத்துல சைக்கிள தள்ளிக்கிட்டுத்தான் வரணும். நான் வேலைக்குச் சேந்தப்ப ஆட்டோ. மழை பேஞ்சா பாண் எல்லாம் நனைஞ்சிரும். அப்புறம் இருமல்காரி. இப்ப பாரு! தரை முழங்கால் உசரம்தான் இருக்கு. தட்டை அப்படியே தள்ளிவிட்டா உள்ள போயிரும். பக்கத்துல இழுத்துத் திறக்குற கதவு. பின்னால காமரா. ஏத்தத்துல நிப்பாட்டினா ஒரு அங்குலம் பின்னால வழுக்காது. டீசலும் பாதிதான் குடிக்குது."

"நல்லா இருக்குப்பா" என்றாள் ஜெசீகா.

இருமல்காரியின் தரை அப்பாவின் நெஞ்சு உயரம். பாண் தட்டுகளைத் தூக்கித் தூக்கி அப்பாவின் முதுகு வளைந்து போயிருந்தது. தினமும் இரவில் ஜெசீகா அவருக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். அன்றும் தைலப் போத்தலை எடுத்து வந்தாள்.

அப்பா முதுகை வளைத்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். "வேணாம் புள்ள. வலியே இல்ல!"

ஜெசீகாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. பழைய வேனே வந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்ல நினைத்தவள், அதை விழுங்கிவிட்டுப் போத்தலை மாடத்தில் வைத்தாள்.

அடுத்த நாள்களில் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் தொல்லை.

நீல வேன் ஓசையில்லாமல் வந்தது. பத்து நிமிடம் நின்றது. ஓசையில்லாமல் போனது. கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்கள் ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் பின்பக்கக் குசினிகளில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் காதும் இருமலுக்காகவே காத்திருந்தது. வேன் எத்தனை மணிக்கு வரும் என்றும் சொல்ல முடியாது. பனிமூட்டம் இருந்தால் ஐந்தரை, இல்லாவிட்டால் நாலே முக்கால். வளைவுகளில் சிக்னல் இல்லாததால் அப்பா போன் செய்யவும் வழியில்லை.

"வேன் வந்துட்டுப் போயிருச்சா? இருமலே கேக்கலியே!" என்றார் பாக்கியலெட்சுமி மாமி, தலையில் துண்டோடு.

"அது இருமாது மாமி. புதுசு."

"இருமாட்டி நாங்க எப்படி வர்றதாம்?"

வெள்ளிக்கிழமை அம்மா போனில் கேட்டார். "இன்னைக்கு அப்பா வரலையா? ஒரு சத்தத்தையும் காணோமே."

"வந்துட்டுப் போயிட்டாரும்மா" என்றாள் ஜெசீகா. உண்மையில் அவர் வந்ததை அவளும் பார்க்கவில்லை. பின்பக்கம் துணி எடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது வாசற்படியில் ஒரு சீனிப் பணிஸ் இருந்தது. அந்தப் பணிஸைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். போனில் அதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை இரவு அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"ஜெசீ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மேமலைக்கு ஏத்துற பாண் அப்படியே திரும்பிப் போகுது. புது வேன்ல ஒரு கருவி இருக்காம். வேன் எங்க நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு ஹுமைத் முதலாளியோட போன்லயே தெரியுதாம். வர்ற வாரமும் இப்படியே போச்சுன்னா மேமலையை நிப்பாட்டிருவாராம்."

"அப்ப நீங்க?"

"என்னைய மொனராகலை பக்கம் போடுறாராம். அங்கேயே தங்கணும். சனிக்கிழமை மட்டும் வரலாம். நீ பெரகலயில அத்தை வீட்டுல இருந்து படி. அத்தை நல்லா பாத்துக்குவாங்க."

பெரகல அத்தை நல்லவர்தான். அவர் கடையில் இனிப்புப் போத்தல்களும் உண்டு. ஆனாலும் ஜெசீகா மனத்துக்குள் எண்ணிப் பார்த்தாள். அம்மா குவைத்தில். அப்பா மொனராகலையில். நான் பெரகலயில். மூன்று பேர், மூன்று ஊர். மேமலையில் அந்தக் கடிகாரம் மட்டும் இருக்கும்.

"வேணாம்ப்பா" என்றாள்.

"எனக்கு மட்டும் ஆசையா, புள்ள?" என்றார் அப்பா.

திங்கட்கிழமை ஜெசீகா ஒரு முடிவோடு வாசலில் காத்திருந்தாள். வேன் வந்து நின்றதும் முதல் வீட்டிலிருந்து கதவைத் தட்டத் தொடங்கினாள்.

"பாண் வேன் வந்துருச்சு! பாண் வேன் வந்துருச்சு!"

முதல் வீட்டில் ஆள் இல்லை. இரண்டாம் வீட்டில் "என்னா?" என்றார்கள். மூன்றாம் வீட்டில் நாய் துரத்தியது. பின்பக்கம் ஓடி, பீலிக்கு ஓடி, அவள் ஏழாம் வீட்டுக்கு வருவதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிட்டது. நாலு பேர்தான் பாண் வாங்கினார்கள்.

"ஹோர்ன் அடிச்சுப் பாருங்கப்பா" என்றாள் மூச்சு வாங்க.

"போன வாரமே அடிச்சேன் புள்ள. ஏழாம் வளைவுல எல்லா வண்டியும்தான் ஹோர்ன் அடிக்குது. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. பிள்ளைக் காம்பராவுல தூங்குன கைக்குழந்தைக மட்டும் எந்திரிச்சிருச்சு. அங்க புள்ளைங்களைப் பாத்துக்குற சுபாஜினி என்னைய ஒரு பிடி பிடிச்சிருச்சு."

செவ்வாய்க்கிழமை நல்ல பனி. ஜெசீகா வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்றாலும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. கொப்பியில் இன்னும் எத்தனை நாள் என்று எழுதினாள். நான்கு. அதை அழித்துவிட்டு மறுபடியும் எழுதினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்போதுதான் கேட்டது.

'பீங்... பீங்... பீங்...'

இதுவரை மேமலையில் கேட்டிராத சத்தம். விட்டுவிட்டு, ஒரே சீராக, கீழே எங்கேயோ ஒலித்தது. ஜெசீகா எழுந்து வெளியே ஓடினாள். அவள் மட்டுமல்ல. பாக்கியலெட்சுமி மாமி கையில் கரண்டியோடு வந்தார். சின்னராசா தாத்தா பனியன் போடாமலே வந்தார். பீலியிலிருந்து ஈரத்தலைகள் வந்தன. மூக்கொழுகும் சின்னதுகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"என்னா சத்தம் அது?"

"எங்க இருந்து வருது?"

"ஏதாச்சும் வெடிக்கப் போகுதா?" என்று இரண்டடி பின்னால் போனார் தாத்தா.

சத்தம் நின்றது. பனியிலிருந்து முதலில் கொழுந்து லொறியின் விளக்குகள் வந்தன. ஆனால் அது கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அது கடந்து போன சிறிது நேரத்தில் நீல வேன் மேலே ஏறி வந்தது. தெருவில் ஊரே நின்றது.

"அட, பாண் வேன்!" என்றார் மாமி. "வந்ததுதான் வந்தோம், ரெண்டு பாண் குடு ஜோன்சன்."

மாமியைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். ஐந்தே நிமிடத்தில் மூன்று தட்டுகள் காலி.

அப்பா திகைத்துப் போனார். "என்னா, இன்னைக்கு எல்லாரும் ரோட்டுல நிக்குறாங்க? ஏதும் விசேசமா?"

"அப்பா! அந்த பீங் பீங் சத்தம் என்னா?"

"அதுவா? கொழுந்து லொறி இன்னைக்கு லேட்டு. எதிர்ல வந்துருச்சு. பாதை ஒத்தை வண்டிப் பாதைதானே? கீழ முச்சந்தி வரைக்கும் நான் பின்னால போய் வழி விட்டேன். இந்த வேன் பின்னால போனா அப்படித்தான் கத்தும்."

ஜெசீகா வேனைப் பார்த்தாள். முச்சந்திப் பக்கம் பார்த்தாள். பிறகு லயத்தைப் பார்த்தாள்.

"அப்பா, நாளைக்கு நீங்க முச்சந்தியில இருந்து பின்பக்கமாவே வாங்க!"

அப்பா சிரித்துவிட்டார். "நல்ல கூத்து! மலையில யாராச்சும் முதுகைக் காட்டிக்கிட்டு ஏறுவாங்களா?"

"நீங்க இப்ப மேல கோயில் மைதானம் வரைக்கும் போய்த்தானே வேனைத் திருப்புறீங்க? பின்பக்கமா வந்தா திருப்பவே வேணாம். அப்படியே இறங்கிப் போயிரலாம். அந்த நேரமும் மிச்சம்."

அப்பாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"இன்னொண்ணு, கதவு இடது பக்கம் இருக்கு. ஏறி வர்றப்ப லயம் வலது பக்கம் இருக்கு. எல்லாரும் வேனைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கத் தண்ணிக் கானோரமா வந்து நிக்கிறாங்க. பின்பக்கமா வந்தா கதவு நேரா லயத்தைப் பாத்து நிக்கும்."

அப்பா தன் இடது கையைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். அப்படியே உடம்பைத் திருப்பி நின்று, மறுபடியும் இடது கையைப் பார்த்தார்.

"ஆமால்ல!"

"பின்னால பாக்கக் காமராவும் இருக்கு. இருமல்காரியா இருந்தா முடியாது. இதுல முடியும்தானே?"

"முடியும். நல்லாவே முடியும்" என்ற அப்பா, உடனே நெற்றியைச் சுருக்கினார். "ஆனா சின்னப் புள்ளைங்க ஓடி வந்தா? காமரா இருந்தாலும் எனக்குப் பயம்தான்."

ஜெசீகா அந்தச் சின்னதுகளைப் பார்த்தாள். அவையும் அவளைப் பார்த்தன.

"அதை நான் பாத்துக்குறேன்" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் வீட்டுக்குள் உட்காரவில்லை. சின்னதுகள் எல்லாவற்றையும் கூட்டினாள். ஆறு பேர். கான் ஓரத்தில் கற்களைப் பொறுக்கி வந்து, லயத்துப் பக்கம் பாதையோரமாக, லயத்தின் நீளத்துக்கு ஒரு வரிசை வைத்தார்கள். அதற்கு அவள் ஒரு சட்டமும் போட்டாள்.

"பீங் பீங் கேட்டா கல்லுக்கு உள்ள நிக்கணும். சத்தம் நின்னு, எங்க அப்பா இறங்கி வந்து கதவைத் திறந்த பொறகுதான் கல்லைத் தாண்டணும். சரியா?"

"தாண்டுனா?" என்று கேட்டான் நாலு வயது கஜேந்திரன்.

"தாண்டுனா பாண் கடைசியாத்தான் கிடைக்கும்."

கஜேந்திரன் உடனே கல்லிலிருந்து மூன்றடி தள்ளி நின்றுகொண்டான்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், முச்சந்தியில் சத்தம் தொடங்கியது. 'பீங்... பீங்... பீங்...' ஆறு சின்னதுகளும் கல்லுக்கு உள்ளே விறைத்து நின்றன. ஜெசீகா அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு ஓடி வந்தாள். கதவுகள் திறந்தன. நீல வேன் தன் முதுகைக் காட்டிக்கொண்டு, மெதுவாக, கோணாமல் ஏறி வந்தது. சத்தம் நின்றது. அப்பா இறங்கிக் கதவை இழுத்தார். பாண் வாசம் லயத்துக்குள் நேராக வந்தது.

"இதென்னா ஜோன்சா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெக்கப்பட்டுக்கிட்டு முதுகைக் காட்டிக்கிட்டு வர்ற?" என்றார் சின்னராசா தாத்தா. அன்று அவர் பனியன் போட்டிருந்தார்.

பிள்ளைக் காம்பராச் சுபாஜினியும் ஒரு பாண் வாங்க வந்தார். "இந்தச் சத்தம் பரவால்ல அண்ணே, அங்க வரைக்கும் மெதுவாத்தான் கேக்குது. ஒரு குழந்தையும் எந்திரிக்கல" என்றார்.

பத்து நிமிடம் ஆவதற்குள் தட்டுகள் காலியாகிவிட்டன. மிச்சமிருந்த நேரத்தில் அப்பா வேனின் தாழ்ந்த தரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். ஜெசீகாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருமல்காரியில் இப்படிக் கால் தொங்கப்போட்டு உட்கார முடியாது. ஏணி வேண்டும்.

அப்பா அங்கிருந்து கிளம்பப் போகும்போது முதலாளி ஹுமைத்திடமிருந்து போன் வந்தது. நல்லவேளையாக அப்பா வாசற்படியின் இடது ஓரத்தில் நின்றிருந்தார்.

"ஜோன்சன்! மேமலையில வேன் பின்னால பின்னால போகுதே! போன்ல கோளாறா, வேன்ல கோளாறா, இல்ல உங்களுக்கா?"

"கோளாறு ஒண்ணும் இல்ல முதலாளி. நாளைக்கு மேமலைக்கு ரெண்டு தட்டுக் கூட ஏத்தணும்."

"அப்ப நீங்க முன்னால வந்தா என்ன, பின்னால வந்தா என்ன! மொனராகலைக்கு வேற ஆளைப் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டரை மணிக்கு வீடு வழக்கம்போல அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதி முழுதும் போய்விடவில்லை. நாலு மணிக்குக் கஜேந்திரன் வந்து, "அக்கா, கல்லு ஒண்ணு உருண்டுருச்சு" என்று கூப்பிடும்வரை ஜெசீகா தனியாகத்தான் இருந்தாள்.

ஐந்து மணிக்குச் சற்று முன் அம்மாவின் போன் வந்தது. ஜெசீகா வாசற்படியின் இடது ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். பாதி சொல்லும்போதே கீழே முச்சந்தியில் சத்தம் கேட்டது. அவள் பேச்சை நிறுத்திவிட்டு, போனைப் பாதைப் பக்கமாக நீட்டிப் பிடித்தாள்.

'பீங்... பீங்... பீங்...'

"என்னா புள்ள அது?" என்றார் அம்மா.

"அது அப்பாம்மா. வந்துட்டாரு."

அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப என்கிட்ட என்னா பேச்சு? போ போ, தண்ணி வை!"

ஜெசீகா திரும்பிப் பார்த்தாள். போன் வருவதற்கு முன்பே அவள் அடுப்பில் வைத்திருந்த தண்ணீர் எப்போதோ கொதித்துவிட்டிருந்தது.